பகுதியெண்ணில் தெரியாக் கணியம் உள்ள ஒருங்கமை சமன்பாடுகள்: அந்தப் பூச்சியம் எங்கிருந்து வந்தது?

கேள்வி
எழுதியவர்: கல்லடி மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவள். 11ஆம் தரத்தில் படிக்கிறேன். ஒருங்கமை சமன்பாடுகளை நீக்கல் முறையாலும் பிரதியீட்டு முறையாலும் தீர்ப்பதில் எனக்கு இதுவரை பெரிய தடுமாற்றம் இருந்ததில்லை. ஆனால் சென்ற கிழமை பிரத்தியேக வகுப்பில் தரப்பட்ட மூன்று கணக்குகளிலும் தெரியாக் கணியங்கள் பகுதியெண்ணில் அமைந்திருந்தன. முதலாவதைச் செய்தபோதே ஒரு சந்தேகம் எழுந்துவிட்டது. அது தீராமல் மற்றவற்றுக்குப் போக மனம் வரவில்லை. தட்டச்சு வசதிக்காகத் தெரியாக் கணியங்களைக் க, ச என்று எழுதுகிறேன். இரண்டினதும் பெருக்கம் கச.

முதலாம் கணக்கு:

3/க + 8/ச = 3
6/க − 4/ச = 1

பின்னங்களை ஒழிப்பதற்காக இரண்டு சமன்பாடுகளையும் கச ஆல் பெருக்கினேன். அப்போது கிடைத்தவை:

3ச + 8க = 3கச
6ச − 4க = கச

இரண்டாவதை 3 ஆல் பெருக்கினால் 18ச − 12க = 3கச. வலப்பக்கங்கள் சமனாக இருப்பதால் 3ச + 8க = 18ச − 12க; அதாவது 20க = 15ச; ஆகவே ச = 4க/3. இதனை 6ச − 4க = கச என்பதில் பிரதியிட்டபோது 4க = 4க²/3 என வந்தது. அதனைச் சுருக்கி க(க − 3) = 0 என்று எழுதினேன். எனவே க = 0 அல்லது க = 3; அவற்றுக்கு ஒத்த ச இன் பெறுமானங்கள் முறையே 0, 4 ஆகும்.

என் வகுப்புத் தோழி வேறொரு வழியிற் செய்து க = 3, ச = 4 என்ற ஒரே விடையைப் பெற்றாள். என் கொப்பியைப் பார்த்துவிட்டு, பூச்சியத்தை வெட்டிவிடும்படி சொன்னாள். பகுதியெண் பூச்சியமாக இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே வெட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. ஒவ்வொரு படியையும் மூன்று தடவை சரிபார்த்தேன். எங்கும் பிழை இல்லை. எல்லாப் படியும் சரியாக இருக்கும்போது, பொருந்தாத ஒரு விடை எப்படி உள்ளே வந்தது? அப்படி ஒன்று வரக்கூடுமென்றால், அதே வழியில் வந்த க = 3, ச = 4 என்பதை மட்டும் நான் எந்த நம்பிக்கையில் ஏற்றுக்கொள்வது?

மற்ற இரண்டு கணக்குகளையும் கீழே தருகிறேன். அவற்றை நானே செய்ய விரும்புகிறேன். ஆகையால் விடையை உடனே எழுதிவிடாமல் வழியை மட்டும் காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரண்டாம் கணக்கு: ஒரு படகு நீரோட்டத்தின் திசையில் 12 கிலோமீற்றரும் அதற்கு எதிராக 8 கிலோமீற்றரும் செல்ல மொத்தமாக 2 மணித்தியாலம் எடுக்கிறது. அதே படகு நீரோட்டத்தின் திசையில் 18 கிலோமீற்றரும் எதிராக 4 கிலோமீற்றரும் செல்வதற்கும் 2 மணித்தியாலமே எடுக்கிறது. அசையாத நீரிற் படகின் வேகத்தையும் நீரோட்டத்தின் வேகத்தையும் காண்க.

மூன்றாம் கணக்கு: 2/க + 3/ச = 1; 4/க + 9/ச = 3.

பதில் 1
எழுதியவர்: சம்மாந்துறை கணித ஆசிரியர்

மகள், உங்கள் வேலையில் ஓர் எண்கணிதப் பிழைகூட இல்லை என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். பூச்சியம் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்குள்ள வேறொருவர் விரிவாக விடை தருவார் என்று நம்புகிறேன். நான் தீர்க்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன்.

சமன்பாட்டைப் பெருக்கத் தொடங்குவதற்கு முன் அதனைச் சற்று நேரம் பாருங்கள். க என்பது அங்கே எந்த இடத்திலும் தனித்து வரவில்லை; வருகின்ற இடத்திலெல்லாம் 1/க ஆகவே வருகிறது. ச உம் அவ்வாறே. அப்படியானால் இந்தச் சமன்பாட்டுச் சோடி உண்மையிற் கேட்பது க, ச ஆகியவற்றை அல்ல, அவற்றின் நிகர்மாறுகளைத்தான். 1/க = ட எனவும் 1/ச = த எனவும் கொள்ளுங்கள். க ≠ 0, ச ≠ 0 என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். இப்போது கணக்கு இப்படி மாறுகிறது:

3ட + 8த = 3
6ட − 4த = 1

இது நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் சாதாரணச் சோடி. இரண்டாவதை 2 ஆல் பெருக்கி 12ட − 8த = 2 என்று எழுதி, முதலாவதுடன் கூட்டினால் 15ட = 5; ட = 1/3. முதலாவதிற் பிரதியிட்டால் 1 + 8த = 3; த = 1/4. ஆகவே க = 3, ச = 4. மூலச் சமன்பாடுகளிற் சரிபார்த்தால் 3/3 + 8/4 = 1 + 2 = 3; 6/3 − 4/4 = 2 − 1 = 1. பெருக்கி எடுத்த சமன்பாட்டிற் சரிபார்ப்பது போதாது. வினாத்தாளில் உள்ள வடிவத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

விடைத்தாள்களிலும் கொப்பிகளிலும் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழைகள் இரண்டு. ஒன்று, ட = 1/3, த = 1/4 என்பதோடு மாணவர் நின்றுவிடுவது; அல்லது அவசரத்தில் க = 1/3 என்று எழுதிவிடுவது. பிள்ளை கடினமான பகுதி முழுவதையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசி வரியில் அதனை இழப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. எனவே பிரதியீட்டை எழுதும்போதே, தாளின் ஓரத்தில் "திரும்ப க, ச இற்கு மாற்றுக" என்று சிறிதாக எழுதிவைக்குமாறு என் மாணவர்களிடம் சொல்வேன். மற்றையது, பெருக்கி ஒழிக்கும் முறையில் இடப்பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு வலப்பக்கத்தில் உள்ள எண்ணை அப்படியே விட்டுவிடுவது; 3ச + 8க = 3 என்று எழுதுவது. நீங்கள் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

ஒரு வரையறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். க ஒரு சமன்பாட்டிற் பகுதியெண்ணிலும் மற்றையதில் தனித்தும் வருமாயின் இந்த முறை உதவாது. 3/க + ச = 4, க + ச = 6 என்ற சோடியை எடுத்துப் பாருங்கள்; ட என்று பிரதியிட்டால் முதலாவது எளிதாகிறது, ஆனால் இரண்டாவதில் 1/ட வந்துவிடுகிறது. அங்கே ச = 6 − க எனப் பிரதியிட்டு இருபடிச் சமன்பாடாக மாற்றித் தீர்ப்பதே வழி.

பதில் 2
எழுதியவர்: களுவாஞ்சிகுடி மாணவன்

நானும் இதே பரீட்சைக்குத்தான் ஆயத்தமாகிறேன். எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டால் பின்னம் எளிதாகிவிடும் அல்லவா? அதாவது க/3 + ச/8 = 1/3; க/6 − ச/4 = 1. இவற்றைத் தீர்த்தால் க = 2, ச = −8/3 என்று வருகிறது. ஆனால் இது மேலே சொல்லப்பட்ட விடையுடன் பொருந்தவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் ஒரே மாதிரித்தானே மாற்றினேன்? எங்கே தவறினேன் என்பதை யாராவது விளக்குவீர்களா?

பதில் 3
எழுதியவர்: வந்தாறுமூலை வளாக மாணவன்

முதலில் தம்பியின் கேள்விக்கு. சமன்பாட்டின் ஒரு பக்கம் முழுவதையும் மறுபக்கம் முழுவதையும் தலைகீழாக்கலாம், இரண்டும் பூச்சியமாக இல்லாதவரை. ஆனால் ஒரு கூட்டுத்தொகையின் உறுப்புகளைத் தனித்தனியே தலைகீழாக்க முடியாது. எண்களிலேயே பாருங்கள்: 1/2 + 1/2 = 1 என்பது உண்மை; ஒவ்வோர் உறுப்பையும் தலைகீழாக்கினால் 2 + 2 = 1 என்று வந்துவிடும். 3/க + 8/ச என்பதைத் தலைகீழாக்க விரும்பினால் முதலில் அதனை (3ச + 8க)/கச என்று ஒரே பின்னமாக்க வேண்டும். அதன் நிகர்மாறு கச/(3ச + 8க) ஆகும். அது 1/3 இற்குச் சமன். இதிலிருந்து குறுக்குப் பெருக்கினால் தங்கை எழுதிய 3ச + 8க = 3கச என்ற வரிக்கே வந்து சேர்வீர்கள். உங்கள் விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்திருந்தால் 3/2 − 3 = −3/2 என்று வந்து, அது 3 அல்ல என்பது உடனே தெரிந்திருக்கும்.

இனித் தங்கையின் கேள்வி. இது நல்ல கேள்வி. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இதனைக் கேட்கத் தவறி, பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே விளங்கிக்கொண்டேன்.

"ஒவ்வொரு படியும் சரி" என்று சொல்லும்போது நாம் இரண்டு விடயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ஒரு படி முன்னோக்கிச் சரியாக இருப்பது ஒன்று. அது பின்னோக்கியும் சரியாக இருப்பது வேறொன்று. மூலச் சமன்பாட்டை ஒரு சோடிப் பெறுமானம் திருப்திசெய்தால், அதனைக் கச ஆல் பெருக்கி எடுத்த சமன்பாட்டையும் அது கட்டாயம் திருப்திசெய்யும். சமமான இரண்டை ஒரே எண்ணாற் பெருக்கினால் அவை சமமாகவே இருக்கும். ஆனால் பெருக்கி எடுத்த சமன்பாட்டிலிருந்து மூலத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமானால் கச ஆல் வகுக்க வேண்டும். கச பூச்சியமாக இருந்தால் அந்தப் பாதை அடைபட்டுவிடும். எனவே பெருக்கும்போது தீர்வுகளின் தொடை (தொகுதி) பெரிதாகலாம், ஒருபோதும் சிறிதாகாது. உண்மையான விடை எதுவும் தவறிப்போகாது; புதிதாக ஏதேனும் சேருமானால் அது க = 0 அல்லது ச = 0 ஆக உள்ள இடத்தில் மட்டுமே சேர முடியும். க = 3, ச = 4 என்பதில் கச = 12; அது பூச்சியம் அல்ல; ஆகவே அங்கிருந்து மூலச் சமன்பாட்டுக்குத் தடையின்றித் திரும்பிப் போகலாம். உங்கள் நம்பிக்கைக்கு அடிப்படை அதுதான்.

இதனை மிகச் சிறிய ஓர் உதாரணத்திற் காணலாம். 1/க = 2/க என்ற சமன்பாட்டுக்குத் தீர்வு கிடையாது. க ஆல் பெருக்கினால் 1 = 2 என்ற முரண்பாடு வரும்; தீர்வில்லை என்பது தெளிவாகிவிடும். ஆனால் தேவைக்கு மேலாக க² ஆல் பெருக்கினால் க = 2க என்று வந்து, க = 0 என்ற விடை கைக்குக் கிடைக்கும். சமன்பாட்டில் இல்லாத அந்தப் பூச்சியத்தை நாம் பெருக்கிய காரணிதான் கொண்டுவந்தது.

வரைபு வரைந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு வகையிலும் இது விளங்கும். 3ச + 8க = 3கச என்பதை ச = 8க/(3(க − 1)) என்றும், 6ச − 4க = கச என்பதை ச = 4க/(6 − க) என்றும் எழுதலாம். இரண்டும் அதிபரவளைவுகள்; அவை நெருங்கிச் செல்லும், ஆனால் தொடாத கோடுகளே அணுகுகோடுகள். முதலாவதன் அணுகுகோடுகள் க = 1, ச = 8/3; இரண்டாவதன் அணுகுகோடுகள் க = 6, ச = −4. இரண்டு வளையிகளும் உற்பத்தியினூடாக, அதாவது (0, 0) என்ற புள்ளியினூடாக, செல்கின்றன. பின்னர் (3, 4) இல் மீண்டும் சந்திக்கின்றன. மூலச் சமன்பாடுகளின் வரைபுகளும் இவையேதான், ஆனால் உற்பத்தியில் மட்டும் ஒரு புள்ளி இல்லாமல். அங்கே ஒரு சிறிய வெற்று வட்டம் இட வேண்டும். பெருக்கியபோது நீங்கள் அந்த வெற்று வட்டத்தை நிரப்பிவிட்டீர்கள். ஆசிரியர் காட்டிய ட, த தளத்திலோ இவை இரண்டும் வெறும் நேர்கோடுகள். அவை (1/3, 1/4) இல் ஒரேயொரு தடவை வெட்டுகின்றன. உங்கள் தோழிக்குப் பூச்சியம் ஏன் வரவில்லை என்பதற்கும் இதுவே காரணம்: க = 0 ஆனால் ட என்று ஓர் எண்ணே கிடையாது; ஆகையால் அவருடைய வழியில் அது நுழைய வாசல் இல்லை.

ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: இரண்டு விடை வந்தவுடன் ஒன்றை வெட்டுவது. ஆசிரியர் தந்த 3/க + ச = 4, க + ச = 6 என்ற சோடியில் க² − 2க − 3 = 0 என வரும்; க = 3, ச = 3 என்பதும் க = −1, ச = 7 என்பதும் ஆகிய இரண்டுமே உண்மையான விடைகள். −3 + 7 = 4 ஆவதைப் பாருங்கள். வெட்டுவதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் பகுதியெண் பூச்சியமாவதே தவிர, விடை இரண்டாக இருப்பது அல்ல.

பதில் 4
எழுதியவர்: படுவான்கரை

நான் ஆசிரியன் அல்லன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெள்ளாமை செய்பவன். என் மகனுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தபோது, நிகர்மாறைப் பிரதியிடுவது வெறும் தந்திரம் அல்ல என்பதை வயலில் வைத்தே அவனுக்கு விளக்கினேன். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் அது உதவலாம் என்று எழுதுகிறேன்.

பெரும்போகத்தில் விதைத்த கையோடு அடைமழை பிடித்தால், தாழ்ந்த வரவைகளில், அதாவது வயற்துண்டுகளில், நீர் தேங்கி விதை அழுகத் தொடங்கும். இரண்டு நீர்ப்பம்பிகளைக் கொண்டுவந்து இறைக்க வேண்டியிருக்கும். பெரிய பம்பியும் சிறிய பம்பியும் சேர்ந்து ஓடினால் ஒரு வரவையை 4 மணித்தியாலத்தில் இறைத்து முடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு நீர் நின்ற இன்னொரு நாளில், பெரியது 3 மணித்தியாலமும் சிறியது 6 மணித்தியாலமும் ஓடி வேலை முடிந்தது. தனித்தனியே ஓடினால் ஒவ்வொன்றும் எத்தனை மணித்தியாலம் எடுக்கும்?

பெரியது தனியே க மணித்தியாலமும் சிறியது தனியே ச மணித்தியாலமும் எடுக்குமென்றால், பெரியது ஒரு மணித்தியாலத்தில் இறைப்பது வரவை நீரில் 1/க பங்கு. சிறியது இறைப்பது 1/ச பங்கு. ஆகவே,

4/க + 4/ச = 1
3/க + 6/ச = 1

மகன் முதலிற் செய்ய முயன்றது மணித்தியாலங்களைக் கூட்டுவது. மணித்தியாலங்களைக் கூட்ட முடியாது. இரண்டு பம்பிகள் சேர்ந்தால் நேரம் குறையுமே அல்லாமற் கூடாது. கூட்டக்கூடியது ஒவ்வொரு பம்பியும் ஒரு மணித்தியாலத்திற் செய்யும் வேலையை மட்டுமே. பெரியதன் வேலைதான் ட. சிறியதன் வேலைதான் த. முதலாவதிலிருந்து ட + த = 1/4; அதனை மும்மடங்காக்கினால் 3ட + 3த = 3/4; இரண்டாவது 3ட + 6த = 1; கழித்தால் 3த = 1/4, த = 1/12, ட = 1/6. பெரிய பம்பிக்கு 6 மணித்தியாலம், சிறியதற்கு 12.

பூச்சியத்தையும் இதே கண்ணாற் பார்க்கலாம். க = 0 என்றால் வரவையைக் கண்சிமிட்டும் நேரங்கூட எடுக்காமல் இறைத்து முடிக்கும் பம்பி என்று பொருள்; அப்படி ஒன்று உலகில் இல்லை. ஆனால் ட = 0 என்பது வேறு. இயந்திரம் ஓடுகிறது, குழாயிற் காற்றுப் புகுந்துவிட்டதால் ஒரு சொட்டு நீரும் வரவில்லை. அது நடக்கக்கூடியது; எத்தனையோ இரவுகள் அதோடு போராடியிருக்கிறேன். அப்போது ட இற்குப் பெறுமானம் உண்டு, ஆனால் "எத்தனை மணித்தியாலத்தில் முடியும்?" என்ற கேள்விக்கு எந்த எண்ணும் விடையாகாது. தங்கச்சியின் மூன்றாம் கணக்கைச் செய்யும்போது இதனை நினைவில் வைத்திருக்கட்டும்.

பதில் 5
எழுதியவர்: கல்லடி மாணவி

எல்லோருக்கும் மிகவும் நன்றி. முன்னோக்கிய படி, பின்னோக்கிய படி என்று அண்ணா விளக்கியதைப் படித்த பின்னர் என் கொப்பியை எடுத்து, நான் முன்பு செய்த பல கணக்குகளை அந்த நோக்கில் மீண்டும் பார்த்தேன். ஐயாவின் பம்பிக் கணக்கும் மனதிற் பதிந்துவிட்டது.

இப்போது இரண்டாம் கணக்கில் நிற்கிறேன். படகின் வேகம் மணித்தியாலத்துக்கு ப கிலோமீற்றர், நீரோட்டத்தின் வேகம் ந கிலோமீற்றர் என்று எடுத்தேன். சமன்பாடுகள்:

12/(ப + ந) + 8/(ப − ந) = 2
18/(ப + ந) + 4/(ப − ந) = 2

சேர் சொன்னபடி 1/ப = ட, 1/ந = த என்று பிரதியிட்டுப் பார்த்தேன்; கணக்கு எளிதாவதற்குப் பதிலாக மேலும் சிக்கலாகிவிட்டது. பிறகு (ப + ந)(ப − ந) ஆல் பெருக்கினேன்; 20ப − 4ந = 2(ப² − ந²) என்று வந்தது. இந்த வழியில் தொடரலாமா?

பதில் 6
எழுதியவர்: சம்மாந்துறை கணித ஆசிரியர்

தொடரலாம், மகள், விடை வரும். ஆனால் மீண்டும் ஒருமுறை சமன்பாட்டைப் பாருங்கள். நான் சொன்னது ஒவ்வொரு தெரியாக் கணியத்தினதும் நிகர்மாறை எடுங்கள் என்பதன்று. பகுதியெண்ணில் எது முழுமையாக நிற்கிறதோ அதன் நிகர்மாறை எடுங்கள் என்பதே. இங்கே பகுதியெண்ணில் ப தனித்து நிற்கவில்லை, ந உம் தனித்து நிற்கவில்லை. ப + ந என்ற கோவையும் ப − ந என்ற கோவையும் நிற்கின்றன. முன்னையது நீரோட்டத்தோடு போகும்போது படகின் வேகம். பின்னையது எதிர்த்துப் போகும்போது அதன் வேகம். அவற்றின் நிகர்மாறு ஒரு கிலோமீற்றர் செல்வதற்கு எடுக்கும் நேரம். எனவே 1/(ப + ந) = ட, 1/(ப − ந) = த என்று எடுத்தால், 12ட + 8த = 2, 18ட + 4த = 2. இதற்கு மேல் நீங்களே செய்யுங்கள். ட, த கிடைத்த பின் ப + ந, ப − ந ஆகியவை கிடைக்கும். அவை மீண்டும் ஓர் ஒருங்கமைச் சோடி. ஆகவே இந்தக் கணக்கில் இரண்டு தடவை தீர்க்க வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே விலக்கப்பட்ட பெறுமானங்கள் எவை என்பதையும் கவனியுங்கள். ப + ந ≠ 0, ப − ந ≠ 0 என்பவையே நிபந்தனைகள். ந = 0 என்பது விலக்கப்பட்டதன்று; நமது வாவியிற் கோடை காலத்தில் நீர் ஏறக்குறைய அசையாமற் கிடப்பதையும், மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்டவுடன் கடலை நோக்கி இழுப்பதையும் நீங்கள் கல்லடிப் பாலத்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். பூச்சியம் என்பதனால் மட்டும் ஓர் எண்ணைத் தள்ளிவிடக் கூடாது. அது பகுதியெண்ணைப் பூச்சியமாக்குகிறதா என்பதே கேள்வி. ப = ந என்பது விலக்கப்பட்டதன் பொருளும் தெளிவானது: நீரோட்டத்தின் வேகமும் படகின் வேகமும் ஒன்றானால், எதிர்த்துப் போகும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்; 8 கிலோமீற்றரை அது ஒருபோதும் கடக்காது.

பதில் 7
எழுதியவர்: கல்லடி மாணவி

இரண்டாவதை 2 ஆல் பெருக்கி 36ட + 8த = 4; முதலாவதைக் கழித்தால் 24ட = 2; ட = 1/12. அப்போது 1 + 8த = 2; த = 1/8. ஆகவே ப + ந = 12, ப − ந = 8. கூட்டினால் 2ப = 20; ப = 10, ந = 2. சரிபார்த்தேன்: 12/12 + 8/8 = 2; 18/12 + 4/8 = 2. பெருக்கும் வழியையும் இறுதிவரை செய்தேன்; ப = 5ந என்றும், பின்னர் ந = 0 அல்லது 2 என்றும் வந்தது. ந = 0 ஆனால் ப உம் 0 ஆகிறது; அப்போது ப + ந பூச்சியமாவதால் அதனை நீக்கினேன். இம்முறை நீக்கியதற்கான காரணத்தையும் தாளில் எழுதினேன்.

மூன்றாம் கணக்கில் 2ட + 3த = 1, 4ட + 9த = 3 என்று எழுதினேன். முதலாவதை 2 ஆல் பெருக்கிக் கழித்தால் 3த = 1; த = 1/3. அதனைப் பிரதியிட்டால் 2ட + 1 = 1; ட = 0. ச = 3 என்று கிடைக்கிறது; ஆனால் 1/க = 0 ஆகும்படி க என்று ஓர் எண் இல்லை. ஐயா சொன்ன காற்றுப் புகுந்த பம்பி இதுதான் என்று நினைக்கிறேன். கச ஆல் பெருக்கியும் பார்த்தேன்; 2ச + 3க = கச, 4ச + 9க = 3கச; இவற்றிலிருந்து ச = 0, க = 0 என்ற ஒரே விடைதான் வருகிறது; அதுவும் பொருந்தாது. ஆகவே இந்தச் சோடிக்குத் தீர்வே இல்லை என்று எழுதலாமா? ச = 3 என்பதை மட்டுமாவது எழுத வேண்டுமா?

பதில் 8
எழுதியவர்: வந்தாறுமூலை வளாக மாணவன்

தீர்வு இல்லை என்பதே சரியான விடை. ச = 3 என்பதைத் தனியே எழுதக் கூடாது; தீர்வு என்பது க, ச இரண்டும் சேர்ந்த சோடி; சோடியில் ஒன்று இல்லையென்றால் மற்றையதும் தீர்வாகாது. "ட = 0 என வருகிறது; 1/க எப்போதும் பூச்சியத்துக்குச் சமனாகாது; ஆகவே சமன்பாடுகளைத் திருப்திசெய்யும் க, ச இல்லை" என்று எழுதினாற் போதும்.

சாதாரண ஒருங்கமைச் சோடிக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சாதாரணச் சோடியில் இரண்டு நேர்கோடுகள் சமாந்தரமாக இல்லாமலும் ஒன்றின்மேல் ஒன்று படியாமலும் இருந்தால் ஒரு தீர்வு நிச்சயம். இங்கேயோ அந்தக் கோடுகள் வெட்டும் புள்ளி அச்சுகளின்மேல் இருக்கக் கூடாது என்ற மேலதிக நிபந்தனையும் உண்டு. உங்கள் மூன்றாம் கணக்கிற் கோடுகள் (0, 1/3) இல், அதாவது சரியாக ஓர் அச்சின்மேல் வெட்டுகின்றன. கோடுகள் ஒன்றோடொன்று படிந்துவிட்டாலும் கவனம் வேண்டும்: 1/க + 1/ச = 1/2, 2/க + 2/ச = 1 என்ற சோடிக்கு எண்ணற்ற தீர்வுகள் உண்டு. அதனைப் பெருக்கி (க − 2)(ச − 2) = 4 என்று எழுதலாம்; (3, 6), (4, 4), (6, 3), (1, −2), (−2, 1) ஆகியவை அதன் முழுவெண் தீர்வுகள். 4 ஐ (−2) × (−2) என்று காரணிப்படுத்தினால் ஆறாவதாக (0, 0) உம் வரும். அதனை ஏன் நீக்க வேண்டும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

கடைசியாக, உங்கள் முதற் கேள்வியின் மறுபக்கத்தையும் காட்டிவிடுகிறேன். வினாத்தாளில் பின்னங்களே இல்லாமல், "3ச + 8க = 3கச, 6ச − 4க = கச ஆகியவற்றைத் தீர்க்க" என்று கேட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? இவ்வாறான கணக்கைக் கண்டதும் பலர் உடனே கச ஆல் வகுத்து, ட, த இற்கு மாறி, (3, 4) என்று எழுதி முடித்துவிடுவார்கள். அங்கே அது குறையான விடை. கச ஆல் வகுக்கும்போது கச பூச்சியமல்ல என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறோம். பெருக்கும்போது ஒரு விடை கூடியது போல, வகுக்கும்போது ஒரு விடை தொலைகிறது. எனவே வகுப்பதற்கு முன் க = 0 ஆனால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும்: அப்போது 3ச = 0, ச = 0; இரண்டாவது சமன்பாடும் திருப்தியாகிறது. ச = 0 என்று தொடங்கினாலும் க = 0 என்றே வரும். இந்த வினாவிற் பகுதியெண் எதுவும் இல்லாததால் (0, 0) ஐ நீக்கக் காரணமும் இல்லை. அந்த வினாவுக்கு விடை (0, 0), (3, 4) ஆகிய இரண்டும். நீங்கள் முதல் நாள் கொப்பியில் எழுதியது அதன் முழுமையான விடை.